முதலில் காய்ந்த சுவர்

சென்ற மாதம் மதுரையில் என் மகள் வாங்கவிருக்கும் வீட்டைச் சோதிக்க, சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவோடு ஒருவர் வந்தார். சுவருக்குள் எங்கே கசிகிறது, எங்கே வயர் சூடாகிறது என்பதெல்லாம் அதில் வண்ண வண்ணமாகத் தெரியுமாம். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நான் பிளக்கவில்லை. எழுபதுகளில் மார்க்கையன்கோட்டையில் வெள்ளையடிக்கும் மட்டையையும் ஒரு வாளிச் சுண்ணாம்பையும் வைத்துக்கொண்டு நான் பார்த்த வேலைதான் அது. எனக்குக் கிடைத்ததெல்லாம் திட்டுதான்.

நெல்லிலும் வாழையிலும் வந்ததைப் போட்டு என் மாமனார் புதிதாக ஒரு காங்கிரீட் வீடு கட்டியிருந்தார். அப்போது தெருவில் மற்ற வீடுகளில் வயர் சுவருக்கு மேலே மரச்சட்டத்தில் ஓடும். எங்கள் வீட்டில் எல்லாம் சுவருக்குள். வருகிறவர்களை நிறுத்தி வைத்து, "வயரு எங்கன ஓடுதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்பார். அந்த வேலையைச் செய்தது அவருடைய தங்கை மகன். அதில் அவருக்கு இன்னும் பெருமை.

அந்த மார்கழிக் கடைசியில் பொங்கலுக்காக நானும் என் கணவரும் வெள்ளையடித்தோம். படுக்கையறைச் சுவர் முழுக்க ஈரமாக இருக்க, நடுவில் சாண் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று காய்ந்து நின்றது. அதன்மேல் இன்னொரு பூச்சு பூசினேன். மறுபடியும் அதே இடம்தான் முதலில் காய்ந்தது. பின்கட்டுக் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் போகும் வயர் அந்தச் சுவர் வழியாகத்தான் போனது. கையை வைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் என் இரண்டு வயது மகளின் கட்டில் கிடக்கும்.

கரிக்கட்டையால் அந்த இடத்தைக் குறித்துவிட்டு மாமனாரிடம் ஓடினேன்.

"சுவத்துக்குக் காய்ச்சலா ஆத்தா? வெயில் பட்டிருக்கும்" என்று சிரித்தார். அது வீட்டின் நடுச்சுவர், வெயில் அதை எட்டியே பார்க்காது. கணவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "லேசாத்தான் சுடுது" என்றார். லேசாகச் சுடுகிற இடத்தில் அவரே தலைவைத்துப் படுக்கட்டும் என்று சொன்னேன். சுவரை உடைத்துப் பார்க்கச் சொன்னதும் மாமனாருக்குச் சிரிப்பு போய்விட்டது.

"புதுச் சுவத்துல உளி வைக்கிறதா? எம் மருமகன் வேலையவா குத்தம் சொல்ற?"

மெயின் போர்டிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். மோட்டார் நின்றது. ரேடியோவும் நின்றது.

"கரண்டு வேணும்னா சுவத்த உடைங்க மாமா."

மறுநாளும் நான் அதைக் கொடுக்கவில்லை. தண்ணீரைக் கயிறு போட்டு இறைத்தோம். அரிக்கேன் விளக்கில் சமைத்தோம். பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள், "இந்த வீட்ல மருமக ராச்சியம்" என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன். வேறு வழியில்லாமல் மாமனார் தங்கை மகனை வரவழைத்தார். அவர் வந்து, நான் குறித்த இடத்தை விட்டுவிட்டு சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் கொத்தினார். வயர் புத்தம் புதிதாக இருந்தது.

"பாத்தீகளா மாமா? அக்காவுக்கு வீண் பயம்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் கையிலிருந்த உளியையும் சுத்தியலையும் பிடுங்கி, கரியால் குறித்த இடத்தில் நானே போட்டேன். காரை உதிர்ந்தது. கருகிய வாடை குப்பென்று அடித்தது. முறுக்கி இணைத்திருந்த இடத்தில் இரண்டு வயர்களும் மேல்தோல் உருகிக் கிடந்தன. சுற்றிலும் செங்கல் கறுத்திருந்தது. என் மகளின் தலையணை இருக்கும் உயரம் அது.

மாமனார் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். குரல் தணிந்திருந்தது.

"நல்லவேளை ஆத்தா. சரி பண்ணிருவோம். ஆனா இது வெளிய தெரிய வேணாம். தங்கச்சி மகன் பொழப்புப் போயிரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமனாரின் பெருமைப் பேச்சைக் கேட்டு, பிறகு இன்னும் சில வீட்டுக்காரர்கள் அதே ஆளைக் கொண்டு சுவருக்குள் வயர் ஓட்டியிருந்தார்கள்.

"அந்த வீடுகள்லயும் பிள்ளைக படுக்குதுக மாமா" என்றேன்.

சாத்திய கதவைத் திறந்துகொண்டு, சுண்ணாம்பு வாளியோடு தெருவில் இறங்கினேன். மாமனாரின் தங்கை வீட்டார் அன்று நிறுத்திய பேச்சை இன்றுவரை தொடங்கவில்லை. தொடங்காவிட்டால் போகட்டும்.

முதல் வீட்டில் என்னை விரட்டிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி கைக்குழந்தைக்காரி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள். மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டுச் சுவரில் சுண்ணாம்பை அடித்தேன். தொட்டிலுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் எங்கள் கண்முன்னாலேயே காய்ந்து வெளுத்தது.

அவள் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, மெயின் போர்டைப் பார்த்து ஓடினாள்.