பருப்பு டின்னுக்கு அடியில்

என்னிடம் ஒரு பழைய பள்ளி நோட்டு இருக்கிறது. துபாயில் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்தில், எந்தத் தேதியில் புழுதிக்காற்று அடித்தது, எந்த வெள்ளிக்கிழமை பிரியாணியில் உப்பு கூடியது என்றெல்லாம் அதில் எழுதிவைத்தேன். இதை எழுதும்போதும் அது பக்கத்தில் இருக்கிறது. ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வாப்பாவுக்கு ஜெபல் அலித் துறைமுகக் கிடங்கில் வேலை. அவருடைய மேலதிகாரி தனியாக வாழ்ந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் ஊரில் ஒரு கால்பந்து அணி. மேலேயும் ஏறாது, கீழேயும் விழாது, வருஷா வருஷம் பட்டியலின் நடுவில் கிடக்கும். அவருடைய அண்ணன் ஒவ்வொரு ஆட்டத்தின் வானொலி வர்ணனையையும் கேசட்டில் பதிந்து, கடைசியில் தன் குரலில் அணியின் சேதிகளையும் சொல்லித் தபாலில் அனுப்புவார். வந்து சேர இரண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவரும் வாப்பாவும் எங்களோடு தங்கியிருந்த மாமாவும் அதைக் கேட்பார்கள். மரியாதைக்காகக் கேட்க ஆரம்பித்தது காய்ச்சலாகிவிட்டது. இடது ஓரத்தில் ஓடும் சின்னப் பையனை இங்கிலாந்துக்காரர்களுக்கு விற்கலாமா, முழங்கால் போன கோல் அடிப்பவனை இன்னும் வைத்திருக்கலாமா என்று, ஒரு முகத்தைக்கூடப் பார்த்திராத மாமா சண்டை போடுவார்.

ஒரே ஒரு விதி. கேசட் கேட்கும்வரை முடிவு யாருக்கும் தெரியக்கூடாது. அதனால் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை வாப்பா பார்வையை விலக்கிக்கொண்டே உருவி உம்மாவிடம் கொடுத்துவிடுவார். உம்மா அதை அடுக்களை அலமாரியில் விரித்து, மேலே டின்களை வைப்பார். ஸ்காட்லாந்து முடிவுகள், எறும்பு மாதிரி எழுத்தில், துவரம்பருப்பு டின்னுக்கு அடியில் இருக்கும். நான் அங்கேதான் படிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாதி ஆட்டத்தில், “ரெண்டுக்கு ஒண்ணு, நாம தோத்துருவோம்” என்றேன். தோற்றோம். அடுத்த முறை டிரா என்றேன், டிரா. மூன்றாவது முறையும் பலித்தபோது மாமா என்னை ஜன்னலோரம் இழுத்துப்போனார்.

“ஏ புள்ள, நாக்க நீட்டு பாப்போம்.”

நீட்டினேன். நாக்கின் ஓரத்தில் ஒரு மச்சம் இருந்ததாம். “கருநாக்குதான்,” என்றார் வாப்பாவிடம். “இதை மேட்ச் முடியிற வரைக்கும் மிட்டாய் குடுத்து உக்கார வைங்க மச்சான்.”

சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் அறைக்குள் வந்தால் பேச்சு ஒரு கணம் நிற்கும். வெளியே வெயில் கொதிக்கும். உள்ளே திரை மூடிய அறையில், எங்கோ மழையில் நனைகிற ஆயிரக்கணக்கானவர்களின் இரைச்சல். முடிந்துபோன ஆட்டத்துக்காகப் பெரியவர்கள் நகத்தைக் கடிப்பார்கள். எனக்கு மட்டும் முடிவு தெரியும். பயமாகவும் இருந்தது, விடவும் மனமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணனின் குரலுக்கு நடுவே இருமல் வர ஆரம்பித்தது. பிறகு ஆஸ்பத்திரி என்றார். முடிந்தால் இப்போதே ஒருமுறை வந்துவிட்டுப் போ என்றார். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்காட்லாந்துக்காரர் சட்டைப்பையில் உடனே கிளம்புவதற்கான லீவு விண்ணப்பத்தோடு வந்திருந்தார். புதிய கிரேன் வந்து இறங்கும் நேரம், மே மாதம்தான் தோது என்று வாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், கிளம்பும்போது ஷூவை மாட்டியபடி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“மே மாதம் நான் போகும்போது, என் அண்ணன் என்னோடு மைதானத்துக்கு வருவாரா?”

என் கண் அடுக்களைப் பக்கம் போனது. அங்கே எதுவும் அச்சாகியிருக்கவில்லை. கருநாக்கு என்ற பேரைத் துடைத்துக்கொள்ள இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது.

“வருவார்,” என்றேன்.

அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். விண்ணப்பம் பையிலேயே இருந்தது.

பிப்ரவரியில் போன் வந்தது. அவர் அண்ணனின் அடக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். வாப்பா இதை உம்மாவிடம் மெல்லச் சொன்னபோது, நான் குளியலறைக்குள் போய்க் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்தபோது தபால்பெட்டியில் ஒரு கேசட் கிடந்தது. அண்ணன் கடைசியாக அனுப்பியது. வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாமே என்று வாப்பா சொல்லிப் பார்த்தார். சிரமப்பட்டுப் பதிந்திருக்கிறார், கேட்டுவிடுவோம் என்றார் அவர். முதல் பக்கம் கோல் இல்லாமல் முடிந்தது. கேசட்டைத் திருப்பும் முன் என்னைப் பார்த்து, “என்ன ஆகும்?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அந்த முடிவை, தாள் வந்த திங்கட்கிழமையே படித்திருந்தேன்.

அவர் எழுந்து அடுக்களைக்குள் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று மாமா நினைத்திருப்பார். நான் பின்னால் போய் நின்றேன். தேடவே இல்லை. நேராக இரண்டாவது தட்டு, துவரம்பருப்பு டின். அதை நகர்த்தி, குனிந்து, படித்தார். டின்னைப் பழையபடி வைத்துவிட்டு, என்னைத் தாண்டி வந்து இரண்டாவது பக்கத்தைப் போட்டார்.

கோல் விழவில்லை. கடைசியில் இறந்தவர் பேசினார். பையனை விற்கத்தான் போகிறார்களாம். நின்று பார்க்கிற பக்கத்துக்குக் கூரை போடப்போகிறார்களாம்; மே மாதம் வந்தால் நனையாமல் பார்க்கலாமாம். ஒரு இருமல். பிறகு வெறும் இரைச்சல். நாடா தானாக நிற்கும்வரை யாரும் கையை நீட்டவில்லை.

அவருடைய அண்ணனை நான் கொன்றுவிட்டதாகச் சில வருஷம் நினைத்திருந்தேன். பிறகு, ஸ்காட்லாந்துக்காரர் என் தந்திரத்தை அந்தக் கடைசி நாளில்தான் கண்டுபிடித்தார் என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு என்று சொன்னது இந்த நோட்டுதான். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமைக்குக் கீழே இப்படி இருக்கிறது: “சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். ரொம்ப நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். உம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது.” அதற்கு ஐந்து வெள்ளிக்கிழமை கழித்துத்தான் அவர் என்னிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டது. அந்தத் தேதிக்குக் கீழே, அழுத்தமான பென்சிலில், நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

“வருவார் என்று சொன்னேன். உடனே நம்பிவிட்டார்.”