எனக்கு மணக்கேல்லை

என் தம்பி ஜெயந்தன் திருத்திய காஸ் குக்கர் எதுவும் அதே பழுதோடு திரும்பி வந்ததில்லை. அக்கராயனிலிருந்து கிளிநொச்சி நகரம் வரைக்கும் பதினோரு வருடங்கள் மோட்டார் சைக்கிளில் போய் வேலை செய்தவன். பேர்ணரின் துவாரங்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, சுவாலை நீலமாக நின்ற பிறகுதான் அடுத்ததைத் தொடுவான். காஸ் குழாய் மாற்றினால் அதன்மேல் திகதி எழுதிவிட்டு வருவான். முடிவில் சவர்க்காரத் தண்ணீரை எல்லாப் பொருத்துகளிலும் பிரஷால் பூசுவான். கொப்புளம் வந்தால் காஸ் ஒழுகுகிறது. வராவிட்டாலும் குனிந்து மணந்து பார்ப்பான்.

அந்தக் கடைசி வேலை கொரோனாக் காய்ச்சலோடு நின்றுபோனது. காய்ச்சல் ஆறு நாளில் மாறியது. நாக்குக்கு ருசி ஒரு மாதத்தில் வந்தது. மணம் வரவே இல்லை. குசினியில் கருவாடு கருகும்போதுகூடப் பக்கத்தில் பேசாமல் நின்றான். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடவா என்று கேட்டபோது நான்தான் தடுத்தேன்.

“உன்னைக் கூப்பிடுறது கைக்காக, மூக்குக்காக இல்லை. சும்மா இரு.”

அம்மாவும் அப்பாவும் இல்லாமல் போன பிறகு என் சொல்லுக்கு அடங்கிப் பழகியவன். பேசாமல் இருந்துவிட்டான்.

மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. போன ஆவணியில் நகரத்திலிருந்து சிவலட்சுமி அன்ரி அழைத்தார். கலியாண வீடுகளுக்குக் கேக் செய்து கொடுப்பவர். நாலு அடுப்பும் கீழே கேக் வேகவைக்கும் போறணையும் சேர்ந்த பெரிய குக்கர் அவருடையது. தம்பி அடுப்புகளைத் துப்புரவாக்கி, குழாய் மாற்றி, நுரை பூசினான். ஒரு கொப்புளமும் இல்லை. சாமான்களை எடுத்து வைக்கும்போது அன்ரி கேட்டாராம்:

“தம்பி, லேசாக் காஸ் மணக்குதே?”

“எனக்கு மணக்கேல்லை, அன்ரி.”

அது பொய் இல்லை. அவனுக்கு மணக்கவில்லைதான். அன்ரி அதைக் குசினியில் காஸ் இல்லை என்று எடுத்துக்கொண்டார். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் தன் மூக்கில்தான் பிழை என்று விட்டுவிட்டார்.

போறணைக்குக் காஸைத் திறந்து மூடும் குமிழ் உள்ளே தேய்ந்திருந்தது. மூடினாலும் முழுதாக மூடாது. அப்படிக் கசியும் காஸ் பொருத்துகளால் வெளியே வராது. பேர்ணர் வழியாகப் போறணைக்குள் மெல்ல நிறையும். அதை நுரை காட்டாது. மூக்குத்தான் காட்டும். தம்பி போய் அரை மணித்தியாலத்தில் அன்ரி போறணையைத் திறந்து நெருப்புக்குச்சி தட்டினார்.

வலது கை முழங்கை வரைக்கும் எரிந்தது. முகத்திலும் ஒரு பக்கம். வைத்தியசாலைக்கு நானும் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அவர் தம்பியைத்தான் தேற்றினார்.

“நீர் கவலைப்படாதையும். நீர் மணக்கேல்லை எண்டுதானே சொன்னனீர். பிறகு நான்தான் எதையோ தட்டிப்போட்டன்.”

நான் தம்பியின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன். அவன் என் கையை எடுத்துவிட்டான்.

“அன்ரி, எனக்கு மூண்டு வருசமா ஒண்டும் மணக்கிறேல்லை.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேக்கில் பூப்போடும் கை அது. விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று பிறகு அறிந்தோம்.

அந்த மூன்று வருடத்தில் அவன் கைவைத்த, போறணை உள்ள குக்கர்கள் முப்பத்தெட்டு. அத்தனை வீட்டுக்கும் போனோம். வாசலில் நின்று அவனே சொல்வான். பிறகு நான் உள்ளே போய்ப் போறணைக் கதவைத் திறந்து மணந்து பார்ப்பேன். மூக்கில்லாதவரைத்தானோ இவ்வளவு நாளும் நம்பியிருந்தனாங்கள் என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அவன் “ஓம்” என்றான். இரண்டு வீடுகளில் மணந்தது. இரண்டையும் அங்கேயே திருத்திக் கொடுத்தான். அதன் பிறகு ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை.

இப்போது வயல் வேலைக்குப் போகிறான். காலையில் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க முன் என்னைக் கேட்பான்.

“அக்கா, மணக்குதே?”

நான் உடனே சொல்வதில்லை. குழாய், குமிழ், குக்கரின் பின்பக்கம் எல்லாம் குனிந்து மணந்து பார்ப்பேன். அதுவரைக்கும் அவன் நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான்.