அணையாத வண்ணப் பொட்டி

நவநீதகிருஷ்ணனுக்கு வண்ண விளக்கைக் கண்டால் குமட்டும். நாமக்கல்லில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பரமத்தி சாலையில் இருக்கும் அவன் கடைக்குள் நுழைந்தால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிவப்பும் நீலமும் ஊதாவும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்த பிறகு, புரோட்டாக் கடை என்று நினைத்து உள்ளே வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. விளையாட்டுப் பிரியர்களுக்குப் பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதுதான் அவன் தொழில்.

அவன் அம்மாபேட்டைக்காரன். டிப்ளமோ முடித்ததும் சேலத்தில் ஒரு கடையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தவன், கல்யாணமான பிறகு மனைவி ஊரான நாமக்கல்லுக்கு வந்து சொந்தக் கடை போட்டான். ஆரம்பத்தில் அவன் அசெம்பிள் செய்த பெட்டிகள் கன்னங்கரேலென்று இருக்கும். வயர் ஒன்றுகூடக் கண்ணில் படாது. காற்றாடி ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். உழைக்கிற சாமானுக்கு எதற்கு வேஷம் என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியில் கடைசிவரை அவன் ஒருவன்தான் இருந்தான்.

முதலில் காற்றாடியில் விளக்கு வந்தது. போகட்டும் என்று விட்டான். அடுத்து மெமரியின் தலையில் வந்தது. பிறகு வயருக்கு மேல் ஒளிரும் சடை பின்னினார்கள். பெட்டியின் மூன்று பக்கமும் கண்ணாடியாயிற்று. சூட்டைத் தணிக்கிற பம்பின் தலையில் குட்டித் திரை ஒன்று முளைத்தது. அதில் ஒருத்தன் முருகனைப் போடச் சொன்னான், இன்னொருத்தன் தான் புல்லட்டில் சாய்ந்து நிற்கிற படத்தைப் போடச் சொன்னான். கனமான கிராபிக்ஸ் கார்டு தொங்கிவிடாமல் தாங்க ஒரு முட்டுக்கட்டை வைப்பார்கள். அந்தக் கருமத்திலும் விளக்கு. இப்போது வருகிறவர்கள் பெட்டி என்ன வேலை செய்யும் என்று கேட்பதே இல்லை. எத்தனை கலர் வரும், பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடுமா என்று கேட்கிறார்கள். மெமரியைப் பாதியாகக் குறைத்துவிட்டு அந்தக் காசுக்கு விளக்குப் போடச் சொன்ன புண்ணியவானும் ஒருத்தன் வந்தான்.

கல்லாவில் உட்காரும் அவன் மனைவி ரஞ்சிதாவுக்கு இவன் புலம்பல் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிற்று.

"வெளக்கில்லாத பொட்டிய நீங்களே ஒண்ணு செஞ்சு ஊட்ல வெச்சுப் பாத்துக்கிடுங்க. கடைக்கு வாரவங்க கேக்கறதக் குடுங்க," என்பாள்.

அவள் சொல்வதில் தப்பில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

போன வருஷம் அர்த்தநாரி வந்தார். மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். பண்ணையை ஒட்டியே மாடி வீடு கட்டிப் புதுமனை புகுவிழாவும் முடித்திருந்தார். மகன் அறிவழகன் கோயமுத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போகிறவன். போகிறவனுக்கு ஊரில் எதற்குக் கம்ப்யூட்டர் என்று நவநீதனுக்குப் புரியவில்லை. அர்த்தநாரி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். சொந்தக்காரர் வீட்டுப் பெட்டியாம்.

"தம்பி, லைட்டு இதுக்கு மேல இருக்கோணும். ரோட்ல போறவனுக்குத் தெரியோணும்."

"அதுக்கு ரோட்லயே ஒரு போர்டு வெச்சறலாமுங்களேண்ணா," என்றான் நவநீதன். அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

செய்து கொடுத்தான். மாடி அறையில், கீழே கோழி ஷெட்டும் அதற்கு அப்பால் ரோடும் தெரிய, சுவர் அகலத்துக்கு இருந்த ஜன்னலை ஒட்டிப் பெட்டியை வைத்தான். ஜன்னல் சட்டம் முழுக்கப் பட்டை விளக்கை ஒட்டி அதன் வயரையும் பெட்டியிலேயே சேர்த்தான். போட்டதும் அறை திருவிழா ராட்டினம் மாதிரி சுழன்றது. அர்த்தநாரியின் மனைவி சௌந்திரம் கைகூப்பிக்கொண்டு பார்த்தாள். சந்தனத்தைக் கரைத்துக் கண்ணாடியில் மூன்று பட்டை இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள். பையன் அணைத்துக் காட்டியபோது அவள் முகம் மாறிப்போயிற்று.

"ஏஞ்சாமி, மெசினு நின்னாலும் லைட்டு மட்டும் எரியற மாதிரி வெக்க முடியாதுங்களா? புது ஊடு. இவன் ஹாஸ்டலுக்குப் போயிட்டா ரூமு இருட்டுல கெடக்குமே, எம்மனசு கேக்காதுங்க."

முடியும். மெயின் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, நிறுத்தின கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். அதில் விளக்கு எரியட்டும் என்று செட்டிங்கில் ஒரு இடத்தில் மாற்றிவிட்டால் போதும். கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டதுபோல் நவநீதனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தான். பையன் ஹாஸ்டலுக்குப் போனான். பெட்டி ஒரு வேலையும் செய்யாமல் இரவும் பகலும் எரிந்தது.

சில மாதம் கழித்து அர்த்தநாரி மறுபடியும் கூப்பிட்டார். கண்ணாடிக்குள் கண்ணாடி வைத்து, உள்ளே பார்த்தால் ஆழக் கிணறு மாதிரி ஒளி இறங்கிக்கொண்டே போகிற காற்றாடிகள் புதிதாக வந்திருந்தன. பங்காளி வீட்டில் போட்டுவிட்டார்களாம், இவருக்கும் வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காற்றாடிகள் இருந்த அட்டைப் பெட்டியை வேனில் வைத்து எடுத்துக்கொண்டு போனான்.

போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. வாசலில் அர்த்தநாரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, பண்ணையில் தங்கி வேலை பார்க்கிற அம்மாசியும் அவன் மனைவி மாரியாயியும் நின்றார்கள். அவர்கள் காலடியில் துணி மூட்டையும் பாத்திரம் கட்டின சாக்கும் இருந்தன.

"பொய் சொல்லாத. ராத்திரி லைட்டப் போட்டுக்கிட்டு போன்ல படம் பாத்திருக்கற. இல்லீனா கோழி எப்படி இப்படி ஆகும்?"

"சாமி சத்தியமா இல்லீங்க. பொழுது எறங்குனா லைட்ட நிறுத்திப்போட்டுத்தானுங்க கஞ்சி குடிப்பேன்."

அர்த்தநாரி நவநீதனைப் பார்த்து நியாயம் கேட்பதுபோல் சொன்னார். வீட்டை ஒட்டிய ஷெட்டில் இருப்பவை இன்னும் முட்டைக்கு வராத இளங்கோழிகள். அவற்றுக்குப் பகல் வெளிச்சம் மட்டும் போதும். ராத்திரியும் வெளிச்சம் பட்டால் உடம்பு முற்றுவதற்கு முன்னே முட்டைக்கு வந்துவிடும். வந்துவிட்டது. கோழி டாக்டர் பார்த்துவிட்டு, ஷெட்டில் ராத்திரி வெளிச்சம் இருந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். ஷெட்டின் சாவி அம்மாசியிடம், சுவிட்சும் அம்மாசியிடம். வேறு யார் போட்டிருப்பார்கள்?

நவநீதன் ஷெட்டின் கம்பி வலை வழியாக உள்ளே பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய முட்டைகள் ரத்தம் பூசிக் கிடந்தன. அவற்றை இட முக்கி முக்கிப் பின்பக்கம் பிதுங்கிப்போன கோழிகள் நிற்க முடியாமல் நின்றன. பிதுங்கின சிவப்பைக் கண்டால் கூண்டில் இருக்கிற மற்ற கோழிகள் விடாது. கொத்திக் கொத்திக் குடலை இழுத்திருந்தன. குடல் தொங்க ஒரு கோழி தீவனம் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் சாக்கு நிறையச் செத்தவை. அவன் எச்சிலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தான்.

செத்த கோழிகளின் சாக்கு நீலமாயிற்று, ஊதாவாயிற்று, பச்சையாயிற்று. ஷெட்டின் சுண்ணாம்புச் சுவர் முழுக்க அதே நிறங்கள் வரிசையாக ஓடின. கூண்டுக்குள் கோழிகளின் தலைகள் நிறம் மாற மாற விருட் விருட்டென்று திரும்பின. அவன் மாடி ஜன்னலைப் பார்த்தான்.

"அண்ணா, வெளிச்சம் அங்கிருந்து வருதுங்க," என்றான். "மெசினு நின்னாலும் எரியற மாதிரி நாந்தான் வெச்சேன். அம்மாசி மேல குத்தமில்லீங்க."

அர்த்தநாரி மேலே பார்த்தார். சுவரைப் பார்த்தார். தினமும் கண்ணில் பட்டும் அதை அழகு என்றுதான் எண்ணியிருந்தார், கோழிக்கு வெளிச்சம் என்று எண்ணவில்லை. கோழி விஷயத்தில் அவர் முட்டாள் இல்லை, இப்போது பார்த்த கணமே புரிந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மாசி, மூட்டய உள்ள வெய்யி. அந்தப் பக்கம் படுதா கட்டிரு."

அவ்வளவுதான். பொய்யன் என்று ஊர் கேட்கக் கத்தின வாயில், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அம்மாசி குனிந்து மூட்டையைத் தொட்டான். மாரியாயி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மொதல்ல அந்த வெளக்க நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்துனா மூட்டய உள்ள வெக்கறோம்."

வாசற்படியில் நின்ற சௌந்திரம் திடுக்கிட்டுப் போனாள்.

"எரியற வெளக்க எதுக்கு நிறுத்தறது? எம்பையன் இல்லாத ரூமு. படுதா கட்டுனாப் பத்தாதா?"

மாரியாயி அர்த்தநாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் ஷெட்டைப் பார்த்துச் சொன்னார்.

"படுதா கட்டுனாச் செரியாயிரும்ல."

"கோழிக்குச் செரியாயிருமுங்க," என்றாள் மாரியாயி.

மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அம்மாசி இடுப்பிலிருந்த ஷெட் சாவியை எடுத்துப் படியில் வைத்தான், சாக்கைத் தோளில் போட்டான். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"திமிரப் பாத்தீங்களா தம்பி," என்றார் அர்த்தநாரி. "போறவங்க போகட்டும். நீங்க மேல போயி வந்த வேலையப் பாருங்க."

நவநீதன் மாடி ஏறினான். கண்ணாடியில் சௌந்திரம் பூசின சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. உள்ளே காற்றாடி இறக்கைகளில் தீவனத் தூசியும் கோழிப் பூஞ்சிறகும் ஒட்டி, அதன்மேல் ஒளி வழிந்துகொண்டிருந்தது. சீழ் வழிகிற மாதிரி இருந்தது அவனுக்கு. இதைச் செய்தது தன் கைதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. பெட்டியை ஓட விட்டான். செட்டிங்கைப் பழையபடி மாற்றினான். நிறுத்தினான். ஜன்னல் இருண்டது, கீழே ஷெட்டின் சுவரும் இருண்டது. கோழிகளின் சலசலப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

கொண்டுவந்த காற்றாடிகளைப் பிரிக்காமலே கீழே இறங்கினான்.

"என்னுங்க சாமி, ரூமு இருட்டா இருக்குது?" என்றாள் சௌந்திரம். அவள் கண் கலங்கியிருந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

"எனக்கு வேண்டாமுங்க இந்த வேல. வேற ஆளப் பாத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தான்.

பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். வேனை ஓரங்கட்டிவிட்டு இறங்கினான்.

"வெளக்க நிறுத்தியாச்சுங்க. திரும்பிப் போலாமுங்க, நான் கொண்டுபோயி விடறேன்."

அம்மாசி எழுந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். மாரியாயி எழவில்லை.

"ஆரு நிறுத்துனாங்க?" என்று கேட்டாள்.

"நாந்தானுங்க."

"அவிய நிறுத்தலீங்களே," என்றாள்.

நாமக்கல் பஸ் வந்தது. அம்மாசி சாக்கைத் தூக்கிக்கொண்டான். இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.