துணி முயலின் சத்தம்

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில், ரவுண்ட் ராக் என்கிற ஊரில் இருந்தோம். என் கணவர் வேலை பார்த்த கன்சல்டன்ஸியின் முதலாளி, நம்மூர்க்காரர், வருஷத்துக்கு ஒரு தரம் ஊழியர்களைக் குடும்பத்தோடு பிக்னிக் அழைத்துப் போவார். ஏரி, பீச் எல்லாம் அலுத்துப்போய் அந்த வருஷம் நாய் ரேஸ். மூன்று மணி நேர டிரைவ், மடியில் புளியோதரை டப்பா.

எனக்கு நாயா முக்கியம்? கம்பெனி எங்கள் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டதா என்று முதலாளியிடம் கேட்டாக வேண்டும். நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. டிபென்டன்ட் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது என்பதால் மூன்று வருஷமாக நான் செய்த ஒரே கெமிஸ்ட்ரி ரசம்தான். "ஃபைல் லாயர்கிட்ட போயாச்சும்மா" என்பார் முதலாளி. அத்தாட்சி கேட்டால் பெரிய மனிதரைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். என் கணவர் உட்படப் பன்னிரண்டு என்ஜினீயர்களும் வாயே திறக்கவில்லை. புரோகிராமில் ஒரு கமா விட்டுப்போனால் மூன்று நாள் தேடுகிற மகானுபாவர்கள்!

ரேஸில் முதலில் வந்தது சத்தம்தான். மைதானத்தைச் சுற்றிப் போட்ட தண்டவாளத்தில், எங்கோ தூரத்தில் ஒரு மோட்டார் கிளம்பியது. காலி ஜாரில் மிக்ஸி ஓடுகிற மாதிரி கிர்ர்ரென்று ஆரம்பித்து, கிட்டே வர வரப் பல்லைக் கூச வைத்தது. அதைக் கேட்டதும் கூண்டுக்குள் நாய்கள் போட்ட ஊளை இருக்கிறதே, அப்பப்பா! கம்பி நுனியில் ஒரு துணி முயல் விர்ரென்று கடந்து போனது. கூண்டு திறந்ததும் எட்டு நாய்களும் உயிரைக் கொடுத்து அதன் பின்னால் ஓடின.

முதலாளி உற்சாகமாக விளக்கினார். "மேல ரூம்ல ஒருத்தன் ஸ்பீடை கன்ட்ரோல் பண்றான். முயல் ரொம்ப முன்னால போயிட்டா நாய்க்கு இன்ட்ரஸ்ட் போயிடும். வாயில மாட்டிட்டாலோ, அப்புறம் ஓடவே ஓடாது. இதோ கிடைச்சிடுச்சுங்கிற மாதிரியே வச்சிருக்கணும். அதுலதான் சாமர்த்தியம்."

பன்னிரண்டு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், எங்க கிரீன் கார்டு ஃபைலுக்கு கேஸ் நம்பர் வந்துடுச்சா?" என்று கேட்டே விட்டேன். கணவர் என் காலை மிதித்தார்.

"அடுத்த மாசம் கண்டிப்பா வந்துடும்மா" என்றார் முதலாளி, டிராக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே. அடுத்த ரேஸுக்கு மோட்டார் மறுபடி கிளம்பியது.

திங்கட்கிழமை நானே லாயர் ஆபீஸுக்கு போன் பண்ணினேன். அங்கே இருந்த பெண் பொறுமையாக இரண்டு தரம் தேடிப் பார்த்தாள். எங்கள் பெயரில் எதுவுமே வந்ததில்லை என்றாள். போனை வைத்துவிட்டு ஆத்திரத்தில் அழுதேன். மூன்று வருஷம் போச்சே!

சாயந்தரம் கணவர் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னேன். ஷூவைக் கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"நாம போன் பண்ணது அவருக்குத் தெரிய வேண்டாம்," என்றார். "பாவம், மனசு கஷ்டப்படுவார்."