பத்தாவது சொல்

நிசீம் தன் அப்பாவை எரித்துவிட்டார் என்பதை நான்கு வருடம் முன்பு நான் முதலில் கேட்டது, கூட வேலை செய்யும் ஹொரிகுச்சி அம்மாள் வாயால். அவருக்கு அது பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்ததாம். அங்கே சொன்னவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மலை மேல் இருக்கும் வெளிநாட்டவர் மயானத்தில் யூதர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கிழவர் எஸ்ராவுக்கு அங்கே இடம் ஒதுக்கியே வைத்திருந்தார்களாம். மகன் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் எரியூட்டும் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாராம்.

“நம்ம ஊர்ல எல்லாரையும் எரிக்கிறதுதான். அவங்கள்ல அது கூடாதாமே. தெரிஞ்சே பண்ணியிருக்கான்,” என்றார், முத்துகளை நிறம் பிரித்தபடியே.

நான் தலையாட்டினேன். கோபேயில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். விசா புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பயப்படுகிறவனுக்குத் தலையாட்டுவது சுலபமாக வந்துவிடும். அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடமும் அதைச் சொன்னேன், ‘தெரிஞ்சே பண்ணியிருக்கான்’ என்பதைக்கூட விடாமல். நிசீம் எனக்கு எதிர் நாற்காலி. பதினோரு வருடமாக வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து முத்து பொறுக்குகிறோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருக்கு இரண்டு பெயர்கள். அம்மா கினுயோவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர் ரியோஜி. அப்பாவுக்கும், மேட்டுத் தெருவில் இருக்கும் ஜெப ஆலயத்துக்கும் நிசீம். எஸ்ரா முத்து வாங்க பாக்தாதிலிருந்து வந்தவர். விற்பனைக் கூடத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கினுயோ மதம் மாறவில்லை. மாறச் சொல்லி எஸ்ராவும் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள், அதன் பலன் முழுக்கத் தன் தலையில் விழுந்தது என்று நிசீம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டில் பன்றிக்கறி வந்தால் பக்கத்துப் பையன் தட்டில் தள்ளிவிடுவாராம். “ஏன்டா, உங்க சாமிக்கு வயித்துவலியா?” என்று மேசை முழுக்கச் சிரிக்கும். அது பரவாயில்லை. விளையாட்டு விழாதான் மோசம். எஸ்ரா தலையில் சின்னத் தொப்பியோடு கயிற்றருகே நின்று, “நிசீம்! ஓடு நிசீம்!” என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். மற்ற அப்பாக்கள் பாயில் உட்கார்ந்து மெதுவாகக் கை தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடி முடித்ததும் ஒருவன் கேட்டான், யாருடா அந்த நிசீம் என்று. தெரியாது, கத்துகிறவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்றாராம் ஒன்பது வயது ரியோஜி. எஸ்ரா அப்போது இரண்டடி தள்ளித் தண்ணீர்ப் புட்டியோடு நின்றிருந்தார். அவர் ஜப்பானிய மொழி அரைகுறைதான். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அரைகுறை போதும்.

மேட்டுத் தெருவில் கதை வேறு. வெள்ளிக்கிழமைகளில் கினுயோ அங்கே சமையலறையில் கத்திரிக்காய் வறுப்பார். வாசலில் வருகிற ஒவ்வொருவருக்கும் இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைப்பார். மகன் ஐந்தடி முன்னால் நடந்து உள்ளே போய்விடுவான், இந்த அம்மாள் யாரோ என்பதுபோல.

வீட்டில் மட்டும்தான் மூன்று பேரும் ஒரே குடும்பம். சாப்பிடும்போது கினுயோ தன் குச்சியால் நல்ல மீன் துண்டாகப் பார்த்து எடுத்து நீட்டினால், எஸ்ரா ஆசையாகத் தன் குச்சியால் அதைப் பிடிக்க வருவார். கினுயோ சட்டென்று துண்டை அவர் தட்டில் இறக்கிவிடுவார். ஜப்பானில் குச்சியிலிருந்து குச்சிக்கு வாங்குவது, பிணத்தை எரித்த பிறகு எலும்பு பொறுக்கும்போது மட்டும்தான். நாற்பது வருடம் சொல்லியும் எஸ்ராவுக்கு அது மண்டையில் ஏறவில்லை.

தனக்குப் பதினான்கு வயதானபோது நடந்ததை நிசீம் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். வெள்ளி மாலை. ஜெபம் தொடங்க பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அங்கே ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார்கள். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாக வைப்பார்கள். துவெக் என்பவர்தான் எண்ணுவார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒன்பது சொல் ஒன்பது பேர் மேல் விழுந்தது. பத்தாவது சொல்லோடு துவெக்கின் விரல் நிசீம் வரை வந்து, நின்று, சுவருக்குப் போனது. அம்மா யூதரில்லை, அதனால் மகனும் இல்லை. அது அவர்கள் சட்டம். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. எஸ்ரா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு அரைக்கால் சட்டையும் முதுகுப் பையுமாக ஒரு சுற்றுலாப் பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். “உங்க அம்மா யூதரா தம்பி?” என்றார் துவெக். ஆமாம் என்றான். புத்தகத்தை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. பத்தாவது சொல் அவன் மேல் விழுந்தது, ஜெபம் தொடங்கியது. சமையலறைக் கதவருகே கினுயோ ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நிசீம் அந்தப் படி ஏறவில்லை. கினுயோ மட்டும் கத்திரிக்காய் வறுக்கத் தொடர்ந்து போனார். கணவனின் ஆட்கள், பசியோடு இருக்கக் கூடாது என்பாராம்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாத பகுதி சென்ற வாரம் தெரிந்தது.

துவெக் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இப்போது எண்பத்து மூன்று வயது, கைத்தடி. மாடிப் படி ஏறி வந்து மூச்சு வாங்கிவிட்டு நிசீமைப் பார்த்து, நான் அங்கே இருப்பதைப் பொருட்படுத்தாமல் கேட்டார்.

“உங்கம்மா என்னைத் தெருவுல பார்த்தா எதிர்ப் பக்கம் போயிடுறாங்க. நாலு வருஷமா. நாங்க என்னப்பா தப்பு பண்ணினோம்? எஸ்ரா போனதே எங்களுக்குப் பத்து நாள் கழிச்சுத்தான் தெரியும். ஒரு போன் பண்ணியிருந்தா எல்லாரும் ஓடி வந்திருப்போமே.”

நிசீம் கையிலிருந்த முத்தைத் துணி மேல் வைத்தார்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. எங்க மதகுரு ரப்பியைக் கேட்டுட்டேன். சாம்பலானாலும் அவன் எங்க ஆள். மேல இடம் அப்படியேதான் இருக்கு. கொண்டு வா,” என்று சொல்லிவிட்டுக் கிழவர் போய்விட்டார்.

ஹொரிகுச்சி அம்மாள் அன்று விடுப்பு. மேசையில் நாங்கள் இருவர்தான். நிசீம் தலை நிமிராமல் சொன்னார்.

நான்கு வருடம் முன்பு ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை மதியம் எஸ்ரா ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் பணப்பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது: ஜெப ஆலயத்தின் எண். தனக்கு ஏதாவது ஆனால் முதலில் இவர்களுக்குப் பேசு என்று கினுயோவிடம் சொல்லி வைத்திருந்தாராம். கினுயோ அதை மகன் கையில் கொடுத்தார். நிசீம் வராந்தாவுக்குப் போய், குளிர்பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று போனைக் காதில் வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணை அழுத்தவே இல்லை. இரண்டு நிமிடம் வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நடுநடுவே தலையும் ஆட்டினாராம்.

உள்ளே வந்ததும், என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டார்.

“வரமாட்டாங்களாம்மா. நம்மளை அவங்க சேர்க்கல.”

“அப்பாவைக்கூடவா?”

“அப்பாவைக்கூடத்தான்.”

கினுயோ நம்பினார். பதினான்கு வயதுப் பையன் மேல் விழாத சொல்லை அவரும்தானே பார்த்தார். இரண்டு நாள் கழித்து எரியூட்டும் கூடத்தில் தாயும் மகனும் குச்சிகளோடு நின்று எலும்பு பொறுக்கினார்கள். ஒரு துண்டை மகன் குச்சிக்கு மாற்றும்போது கினுயோ தட்டில் கிடந்த எலும்புகளைப் பார்த்து, “சாப்பாட்டு மேசையில பண்ணாதீங்க, பண்ணாதீங்கன்னு நாற்பது வருஷம் சொன்னேன். இப்ப பண்றோம், பாருங்க,” என்றாராம். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்றார் நிசீம். திறக்கவில்லை.

“பழி வாங்கணும்னுதான் நினைச்சேன், முருகு-சான். அவங்களைப் பழி வாங்குறதா நினைச்சு அப்பாவைப் பழி வாங்கிட்டேன். அம்மா நாலு வருஷமா ஒரு தப்பும் பண்ணாதவங்க மேல கோபமா இருக்காங்க. அதுவும் என்னாலதான்.”

எனக்கு என் மனைவியிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. தெரிஞ்சே பண்ணியிருக்கான். சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. அவரிடம் அதை ஒப்புக்கொள்ளத் தோன்றியது. தலையை மட்டும் ஆட்டினேன்.

எலும்புக் கலயம் நான்கு வருடமாகக் கினுயோவின் வீட்டு அலமாரி மேல்தான் இருக்கிறது. மேட்டுத் தெருக்காரர்கள் மனம் மாறி ஒரு நாள் கூப்பிடுவார்கள் என்று வைத்திருந்தார். எழுபத்தெட்டு வயதில் அந்த நம்பிக்கை போய்விட்டது. இன்று பதினொரு மணி ரயிலில் ஹிமெஜிக்குக் கொண்டுபோய், தன் பிறந்த வீட்டுக் கல்லறையில் வைத்துவிட ஏற்பாடு செய்துவிட்டார். புத்தத் துறவி நேராக அங்கே வந்துவிடுவார். மகன் வரவேண்டியதில்லை, வேலையைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். கல்லை மூடிவிட்டால் அப்புறம் மலை மேல் இருக்கும் இடம் காலியாகவே இருக்கும்.

வாரம் முழுக்க நிசீம் இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்றார். நேற்று அம்மா வீட்டுக்கே போய், தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். கலயத்தைச் சுற்ற நல்ல ஊதாத் துணியாகத் தேடி எடுத்து வைத்திருந்தாராம் கினுயோ. அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது என்றார் என்னிடம்.

காலை ஒன்பதே முக்காலுக்கு ஹொரிகுச்சி அம்மாள் முத்துச் சரங்களைக் கொண்டு வந்து வைத்தார். நிசீமை ஓரக் கண்ணால் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, அப்பாவின் எலும்பையும் எங்கேயோ கொண்டுபோகப் போகிறார்களாமே என்று மெல்லிய குரலில் தொடங்கினார். இந்த முறை நான் தலையாட்டவில்லை. “அவரே இங்கதானே உட்கார்ந்திருக்கார், அவர்கிட்டயே கேளுங்க,” என்றேன். அவர் முகம் சிவந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நிசீம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலருகே போனார்.

போனை எடுத்து, இந்த முறை எண்ணை அழுத்தினார். அழுத்தியதை நான் பார்த்தேன். கினுயோவிடம் கைபேசி உண்டு, ஆனால் அது இழுப்பறையில் கிடக்கும், வீட்டுப் போனுக்குத்தான் கூப்பிட வேண்டும். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார் என்று நிசீம் எப்போதும் சொல்வார்.

ஐந்து, ஆறு என்று மணி அடிப்பது என் நாற்காலி வரை கேட்டது. அம்மா காலணி மாட்டிக்கொண்டிருக்கலாம். ஊதாத் துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருக்கலாம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கியும் இருக்கலாம். நிசீம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி, முதல் சொல் நுனி நாக்கில் நிற்க, வடக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.