சிவப்பு அடங்கிய கண்

குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யலாமென்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். அதற்குள் எங்களைக் கிளப்பிவிட மிராசுதாருக்கு அவசரம். வெளியூர் ஆட்களை இறக்கி, நாங்கள் நட்ட சம்பாவை அறுக்கப் போவதாகப் பேச்சு. அறுத்தவர்தான் சாகுபடிக்காரர் என்று ஆகிவிடும்; அறுப்பு அவர் கைக்குப் போனால் நிலமும் போன மாதிரிதான். முந்திக்கொண்டு அறுத்தோம்.

களத்தில் கதிர் அடிக்கும்போது ஒரு நெல் தெறித்து என் வீட்டுக்காரர் கண்ணில் குத்தியது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுநாள் கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் களத்தை யார் பார்ப்பது? போன மாதம் எனக்குக் கண்வலி வந்தபோது மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சமிருந்தது. எனக்கு இரண்டே நாளில் கேட்ட மருந்து. அவரைப் படுக்க வைத்து நானே ஊற்றினேன். சிவப்பு அடங்கியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை, தினம் நாலு வேளை ஊற்றினேன்.

நெல் வீடு வந்து சேர்ந்தபோது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்த இடத்தைச் சுரண்டிச் சோதனைக்கு எடுத்துப் போனார்; நாங்கள் கொண்டுபோன சொட்டு மருந்துக் குப்பியையும் வாங்கிக்கொண்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்.

"ஈர வைக்கோல்ல பூஞ்சணம் பூக்கும்ல, அந்த மாதிரிங்க இது. நெல்லு குத்தினப்பவே உள்ள போயிருக்கு. சீழ் பிடிக்கிற கிருமின்னா சீக்கிரம் காட்டிக் குடுத்துடும். இது மெதுவா வேர் விடும். சிவந்தது, உடம்பு அதோட போட்ட சண்டை. இந்தச் சொட்டு மருந்து சண்டைய நிறுத்திடுச்சு, அது பாட்டுக்குப் பரவிடுச்சு. யாரு ஊத்துனது இத?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"நானேதாங்க ஊத்திக்கிட்டேன்" என்றார் அவர்.

டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்தார். என் வீட்டுக்காரர் தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். வெட்கக்கேடு, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கேயே கலக்கிக் கொடுத்த புது மருந்தோடு பஸ் ஏறினோம்.

"ஏங்க பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மணிக்கொரு தடவ ஊத்தச் சொல்லியிருக்காங்கள்ல. நீதானே ஊத்தணும். உன்னைய ஏசியிருந்தா கை நடுங்காதா?"

நடுங்கத்தான் செய்தது. ஒரு மாதம் நடுங்கிக்கொண்டே ஊற்றினேன். வெளிச்சம் தெரிகிற அளவுக்குத்தான் அந்தக் கண் திரும்பியது.