முதல் காட்சியில் செத்தவள்

கள்ளக்குறிச்சியில் நான் கல்லூரியில் படித்தபோது, என் வகுப்பில் ஒருத்தி கடைசி வகுப்பு தொடங்கியதுமே பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். கதவோரத்து பெஞ்சு, எண்ணெய் மினுங்கும் நெற்றி, வாசலிலேயே ஒரு கண். வடக்கனந்தலையும் தாண்டி அவள் ஊர். அஞ்சரை வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது.

கல்லூரி விழா நாடகத்துக்கு விடுதிப் பெண்கள் நாங்கள் ஆள் சேர்த்தபோது அவளாகவே வந்தாள்.

"எனக்கு மொத சீன்லயே சாவுற வேஷம் குடுங்கடி. செத்துட்டு வண்டிக்குப் பூடுவேன்."

"அடுத்த சீன்ல ஊரே பொணத்து மேல வுழுந்து அழுவணுமேடி?"

"தலவாணிய வச்சிப் போத்திட்டு அழுவுங்க. உள்ள இன்னா இருக்குதுன்னு எவன் பாக்கப் போறான்?"

நாடகம் தொடங்கவே ஐந்து மணியாகிவிட்டது. பாம்பு கடித்துப் பிரமாதமாகச் செத்தாள். திரை விழுந்ததும் எழுந்து ஓடினாள். இரண்டு தலையணைகளுக்கு மாலை போட்டு, தொண்டை கட்டும்வரை அழுதோம்.

மறுநாள் காலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா அழுதீங்களாடி?"

"முன்னால குந்தியிருந்த மேடமே கண்ணத் தொடச்சிக்கினாங்க."

"அய்ய, என் சாவுக்கே நான் இல்லாம பூட்டேனே!" என்று சிரித்தாள்.

முதல் வகுப்புக்கு அப்போதுதான் மணி அடித்தது. பை அவள் மடியில்தான் இருந்தது.